கடைமடைக்கு எட்டும் பதில்

வரைபடத்தை வைத்துப் பார்த்தால் சீர்காழியைத் தொலைதூர ஊர் என்று சொல்ல முடியாது. விழுப்புரத்திலிருந்து தஞ்சாவூர் போகும் பழைய மெயின் லைன் ரயில் பாதை ஊரைத் தொட்டுத்தான் போகிறது. வடக்கே சிதம்பரம், தெற்கே மயிலாடுதுறை. இரண்டுக்கும் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். ஊருக்குள்ளேயே அரசு மருத்துவமனை இருக்கிறது. ஆனால் நோயாளி தூரத்தைக் கிலோமீட்டரில் அளப்பதில்லை. நடவு நடக்கும் நாளில் பி.பி. பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினால் அன்றைய கூலி போய்விடும். கொள்ளிடத்துப் படுகையில் இருக்கும் நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளைமணல் போன்ற ஊர்களில் ஆற்றில் தண்ணீர் ஏறிவிட்டால் பாதையே கிடையாது. 2022 ஆகஸ்ட் வெள்ளத்தில் அங்கிருந்து மக்களை வெளியேற்ற வேண்டியிருந்தது. பழையாறு, திருமுல்லைவாசல் கரையில் ஒருவருக்கு இரவு இரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால் முதலில் எந்தப் பக்கம் வண்டியைத் திருப்புவது என்பதே குழப்பம். 2020 டிசம்பர் 28 அன்று உருவான மயிலாடுதுறை மாவட்டத்துக்குள் அரசு மருத்துவக் கல்லூரி இல்லை. சிதம்பரமா, திருவாரூரா, தஞ்சாவூரா என்று குடும்பம் யோசிக்கும் நேரத்தில் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும்.

இந்தத் தூரத்தைக் கருவியால் கடக்கலாம் என்பது புதிய யோசனை அல்ல. 1905இல் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் வில்லெம் ஐந்தோவன், மருத்துவமனையில் இருந்த நோயாளியின் இதய மின்னலையைத் தொலைபேசிக் கம்பி வழியாக ஒன்றரை கிலோமீட்டர் கொண்டுவந்து தன் ஆய்வகத்தில் பதிவு செய்தார். அவருடைய ஈ.சி.ஜி. கருவி நூற்றுக்கணக்கான கிலோ எடை. அதை நோயாளியிடம் தூக்கிக்கொண்டு போக முடியாது. இன்று அந்தக் கருவி உள்ளங்கையில் அடங்குகிறது. பி.பி. மெஷினும் சுகர் மெஷினும் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் ப்ளூடூத் வழியாக செல்போனோடு பேசுகின்றன. செல்போன் அந்த எண்களை எங்கோ இருக்கும் சர்வருக்கு அனுப்புகிறது. இணைக்கப்பட்ட கருவிகள், மேகக் கணிமை என்று கருத்தரங்குகளில் கேட்கும் பெரிய சொற்களுக்குள் இருப்பது இவ்வளவுதான். பன்னிரண்டு கோடுகள் கொண்ட முழு ஈ.சி.ஜி. பதிவுகூட செல்போனில் எடுக்கும் ஒரு புகைப்படத்தைவிடச் சிறிய கோப்பாக அமையலாம். ஆகவே இணையத்தின் வேகம் இங்கே முதல் கேள்வி அல்ல.

எண் மேலே போய்ச் சேர்ந்த பிறகு அதை யார் பார்க்கிறார், எத்தனை நேரத்தில் பார்க்கிறார், பார்த்தபின் நோயாளிக்கு என்ன வந்து சேர்கிறது என்பதுதான் முதல் கேள்வி. இதற்கு உலகளவில் இரண்டு பெரிய ஆய்வுகள் எதிரெதிர் விடை தந்திருக்கின்றன. 2010இல் அமெரிக்காவில் வெளியான டெலி-ஹெச்.எஃப். ஆய்வில் இதயச் செயலிழப்பு உள்ள 1,653 பேர் பங்கெடுத்தார்கள். ஒரு பாதிப்பேர் தினமும் ஒரு தானியங்கித் தொலைபேசி எண்ணை அழைத்து, தங்கள் எடையையும் மூச்சிரைப்பு போன்ற தொந்தரவுகளையும் பதிவு செய்ய வேண்டும். ஆறு மாத முடிவில் மறுபடி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் அல்லது இறந்தவர்கள், கண்காணிப்பில் இருந்தவர்களில் 52.3 சதவீதம், இல்லாதவர்களில் 51.5 சதவீதம். பயனே இல்லை. கடைசி வாரத்தில் வாரம் மூன்று முறையாவது அழைத்தவர்கள் ஏறக்குறைய பாதிப்பேர்தான். எட்டாண்டு கழித்து ஜெர்மனியில் 1,571 பேரை வைத்து நடந்த டிம்-ஹெச்.எஃப்.2 ஆய்வு வெளியானது. எடை, ரத்த அழுத்தம், ஈ.சி.ஜி., ஆக்சிஜன் அளவு என்று தினமும் அனுப்பப்பட்ட எண்களை பெர்லினின் ஷாரிட்டே மருத்துவமனையில் இரவு பகலாக மருத்துவர்களும் செவிலியர்களும் பார்த்தார்கள். தேவைப்பட்டால் உடனே போன் செய்து மருந்தை மாற்றினார்கள். இங்கே நூறு பேருக்கு ஆண்டுக்கு 11.3 ஆக இருந்த இறப்பு விகிதம் 7.9 ஆகக் குறைந்தது. நோயாளிகளைத் தேர்ந்தெடுத்த விதமும் காலமும் வேறு என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திவிட முடியாதுதான். ஆனாலும் மறுமுனையில் விழித்திருந்த ஆளை விலக்கிவிட்டு இந்த வேறுபாட்டை விளக்க என்னால் முடியவில்லை.

டெல்டாக்காரர்களுக்கு இந்த அளவுகோல் பழக்கமானது. மேட்டூரில் எத்தனை ஆயிரம் கன அடி திறந்தார்கள் என்பது செய்தித்தாளுக்கு. கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா என்பதுதான் விவசாயிக்கு. சீர்காழி காவிரியின் கடைமடை. மருத்துவத் தரவுக்கும் இதே கணக்கைப் போடலாம் என்பது என் கருத்து: எத்தனை லட்சம் பதிவுகள் சர்வரில் ஏறின என்பதை ஓரமாக வைத்துவிட்டு, எத்தனை பதில்கள் வீட்டுக்கு வந்தன என்று கேட்கலாம்.

பதில் வந்த இடங்கள் தமிழ்நாட்டிலேயே உண்டு. மாரடைப்புச் சிகிச்சைக்காக 2012 முதல் 2014 வரை நடந்த தமிழ்நாடு ஸ்டெமி திட்டத்தை முதலில் சொல்ல வேண்டும். மருத்துவர்கள் தாமஸ் அலெக்சாண்டர், அஜித் முல்லசாரி ஆகியோர் முன்னின்று நடத்தியது. ஆஞ்சியோ வசதி உள்ள பெரிய மருத்துவமனை மையம். சுற்றியுள்ள சிறிய மருத்துவமனைகள் அதன் கிளைகள். கிளையில் எடுக்கும் ஈ.சி.ஜி. செல்போன் வலையமைப்பில் ஏறி, மையத்தில் உள்ள இதய மருத்துவரிடம் போகும். இது மாரடைப்புதான் என்று அவர் சொன்னதும், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைக் கிளையிலேயே போட்டு, அதன்பின் நோயாளியை ஆம்புலன்ஸில் மையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே ஆகும் செலவை ஏழைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஏற்கும். 2,420 நோயாளிகளின் விவரங்கள் 2017இல் வெளியாயின. திட்டத்துக்கு முன் ஆஞ்சியோகிராம் 35 சதவீதம் பேருக்குத்தான் நடந்தது, பின்னர் 60.8 சதவீதம். ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆனார்கள். இந்தக் குறைவில் ஈ.சி.ஜி. கருவிக்கு எவ்வளவு பங்கு, ஆம்புலன்ஸுக்கு எவ்வளவு, காப்பீட்டுக்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. பிரிக்க முடியாதபடி பின்னியிருந்ததால்தான் அது வேலை செய்தது என்று நினைக்கிறேன். ஈ.சி.ஜி.யை மட்டும் அனுப்பிவிட்டு ஊசியும் வண்டியும் பணமும் இல்லாமல் விட்டிருந்தால், தூரத்தில் இருக்கும் மருத்துவர் மாரடைப்பைத் தெளிவாகப் பார்த்திருப்பார், அவ்வளவுதான்.

2023 ஜூனில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டம் இதையே இன்னும் கீழே இறக்கியது. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் 14 மாத்திரைகள் தயாராக இருக்கும்: ஆஸ்பிரின் இரண்டு, குளோபிடோக்ரெல் நான்கு, அட்டோர்வாஸ்டாட்டின் எட்டு. மாரடைப்பு என்று சந்தேகப்பட்டால் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன்பே கொடுத்துவிடுவது. பதிலின் முதல் பகுதி ஏற்கெனவே கிராமத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. டவர் இல்லாவிட்டாலும் மாத்திரை இருக்கும்.

கண் மருத்துவத்தில் அரவிந்த் மருத்துவமனையின் பார்வை மையங்கள் இன்னொரு நல்ல உதாரணம். சிறு ஊர்களில் பயிற்சி பெற்ற பெண் பணியாளர் கண்ணைச் சோதித்துப் படமெடுத்து அனுப்ப, நோயாளி அந்த நாற்காலியை விட்டு எழும் முன்பே தலைமை மருத்துவமனையின் மருத்துவர் வீடியோவில் பேசிவிடுவார். தேனிப் பகுதியில் இந்த மையங்களை இணைக்க, எரிக் ப்ரூவர் தலைமையிலான பெர்க்லி பல்கலைக்கழகக் குழு சாதாரண வைஃபையைத் திருத்தி, பல கிலோமீட்டர் பாயும்படி செய்தது. அந்தக் குழு பின்னர் எழுதியதில் என்னை நிறுத்திய விஷயம் வேறு. ரேடியோ அலையைவிட அவர்களை அதிகம் படுத்தியது மின்சாரம். கரண்ட் போவதுகூட அல்ல. வந்த கரண்டின் தரம்! திடீரென எகிறும் வோல்டேஜும் தாழ்ந்துபோகும் வோல்டேஜும் கருவிகளைப் பொசுக்கின, நினைவகத்தைக் கெடுத்தன. பழுது எங்கே என்று கண்டுபிடிக்க உள்ளூரில் ஆள் இல்லாததால் ஒவ்வொரு பழுதும் நீண்டது. திட்ட அறிக்கைகளில் ஸ்டெபிலைசருக்கு ஒரு வரிகூட இருக்காது. இதைப் போன்றதொரு பாடம் தாய்லாந்திலும் கிடைத்தது. விழித்திரைப் படத்தைப் பார்த்து நீரிழிவுப் பாதிப்பைச் சொல்லும் கூகுளின் செயற்கை நுண்ணறிவை அங்கே கிராம மருத்துவமனைகளில் பயன்படுத்தியபோது, ஐந்தில் ஒரு படத்தை அது ‘தரம் போதாது’ என்று திருப்பிவிட்டதாக 2020இல் வெளியான ஆய்வு சொல்கிறது. இருட்டறை இல்லாத இடத்தில் நர்ஸ் எடுத்த படம். ஆய்வகத்தில் நன்றாக வேலை செய்த மென்பொருள் அதை ஏற்கவில்லை. நோயாளிக்குக் கிடைத்த பதில், வேறொரு நாள் வேறொரு ஊருக்குப் போ என்பது.

தஞ்சை மண்ணிலும் ஒரு முயற்சி நடந்தது. ஐ.கே.பி. பொதுச் சுகாதாரத் தொழில்நுட்ப மையமும் சுகவாழ்வு அமைப்பும் 2009 முதல் கரம்பயம், அலக்குடி போன்ற ஊர்களில் சிறு மருத்துவ மையங்களைத் திறந்தன. குடும்பங்களைப் பதிவு செய்து, இணையவழிப் பதிவேட்டில் நோய் விவரங்களைச் சேர்த்து, ஆயுர்வேத, சித்த மருத்துவப் பட்டதாரிகளுக்குக் கூடுதல் பயிற்சி கொடுத்து, வரையறுத்த நெறிமுறைப்படி சிகிச்சை தரும் ஏற்பாடு. பதில் சொல்லும் ஆளை ஊருக்குள்ளேயே உட்கார வைத்து, பதிவேட்டை அவருக்குத் துணையாக வைத்தார்கள் என்பதால் அது எனக்கு முக்கியமாகப் படுகிறது. பெரும்பாலான தொழில்நுட்பத் திட்டங்கள் இந்த வரிசையைத் தலைகீழாகப் போடுகின்றன.

அரசின் பெரிய முயற்சி, 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’. அதன் அவசியத்தை 2020இல் நடந்த ஒரு மாநில அளவிலான கணக்கெடுப்பு காட்டியிருந்தது: ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தது 7.3 சதவீதம் பேருக்கு மட்டுமே, சர்க்கரையில் 10.8 சதவீதம். திட்டம் வந்தபின் நடந்த அடுத்த கணக்கெடுப்பில் இவை முறையே 17 சதவீதமாகவும் 16.7 சதவீதமாகவும் உயர்ந்தன. இன்னும் ஆறில் ஐந்து பேருக்குக் கட்டுக்குள் இல்லை என்பது உண்மை. ஆனாலும் சில ஆண்டுகளில் இந்த அளவு நகர்த்துவது லேசான காரியம் அல்ல. நகர்த்தியது எது? சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்த பெண் தன்னார்வலர்கள் பி.பி. மெஷினையும் சுகர் மெஷினையும் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகிறார்கள். பார்த்த எண்ணைச் செயலியில் ஏற்றுகிறார்கள். அதே கையால் மாத்திரையையும் கொடுக்கிறார்கள். அந்த மாத்திரைப் பைதான் பதில்.

இந்த இடத்தில் இணைக்கப்பட்ட கருவி எதைக் கூட்டித் தரும்? முதலாவது, எண்ணின் நேர்மை. கையால் எழுதும் ரத்த அழுத்த எண்கள் பூஜ்யத்தில் முடிய விரும்பும் என்பது உலகெங்கும் தெரிந்த விஷயம். ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று இலக்கு வைத்தால் 130/80 என்ற எண் இன்னும் பெருகும். மெஷினே செல்போனுக்கு எண்ணை அனுப்பினால் இந்தச் சபலம் போய்விடும். இரண்டாவது, போக்கு. நான்கு மாத எண்களை ஒன்றாகப் பார்க்கும் மருத்துவர், இந்த மாத்திரை போதவில்லை, மாற்று என்று சொல்ல முடியும். தன்னார்வலர் தானாக மாத்திரையை மாற்ற முடியாது. போன மாதம் கொடுத்ததையே இந்த மாதமும் கொடுக்கும் ஏற்பாட்டில், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் அப்படியேதான் இருக்கும். மேகத்தில் சேரும் தரவுக்கு உண்மையான வேலை இருக்கிறது என்றால் அது இங்கேதான்: மூன்று மாதமாகக் குறையாதவர்களின் பெயர்களைப் பிரித்தெடுத்து, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரின் மேசையில் திங்கட்கிழமை காலை வைப்பது. அதற்குச் செயற்கை நுண்ணறிவு எதுவும் வேண்டாம்.

ஆனால் கருவியையும் அப்படியே நம்பிவிட முடியாது. கையில் கட்டும் பட்டை சிறியதாக இருந்தால் ரத்த அழுத்தம் கூடுதலாகக் காட்டும். வயலிலிருந்து வேகமாக நடந்து வந்தவரைத் திண்ணையில் உட்காரவைத்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே பார்த்தாலும் அப்படித்தான். சுகர் ஸ்ட்ரிப்பில் தடவியிருக்கும் நொதிக்கு ஈரமும் வெப்பமும் ஆகாது. மூடி சரியாக மூடாத டப்பா, சித்திரை வெயிலில் பைக்குள் கிடந்த டப்பா, எல்லாம் எண்ணைக் கெடுக்கும். ஆக்சிமீட்டரின் கதை இன்னும் சங்கடமானது. விரலுக்குள் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் பாய்ச்சி, ரத்தம் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்க்கும் கருவி அது. 2020இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, கருப்பின நோயாளிகளிடம் ஆக்சிஜன் அளவு உண்மையில் ஆபத்தாகக் குறைந்திருந்தும் கருவி நன்றாக இருப்பதாகக் காட்டிய தவறு, வெள்ளையர்களிடம் நேர்ந்ததைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு என்று கண்டது. கொரோனா காலத்தில் நம் வீடுகளில் 94, 95 என்று பார்த்து நிம்மதி அடைந்தோமே, அந்தக் கருவிதான். கருத்த தோல் கொண்ட மக்களிடம் சரிபார்க்கப்பட்ட கருவியா என்று டெண்டரில் கேட்பது மிகை அல்ல.

அடுத்தது செல்போன். ‘நோயாளியின் செல்போன்’ என்று திட்டங்கள் எழுதுகின்றன. வயதான அம்மாவின் பெயரில் பதிவான எண், திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மகனுடையதாக இருக்கும். ஓ.டி.பி. அங்கே போகும். தன்னார்வலர் வாசலில் நிற்க, அம்மா மகனுக்குப் போன் போட, மகன் ஷிப்டில் இருப்பார். அந்தரங்கம் என்ற பேச்சும் ஊரில் வேறு மாதிரிதான். 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறுவனங்களைக் கேள்வி கேட்கும், தேவையானதுதான். ஆனால் காசநோய் மருந்து சாப்பிடும் பெண்ணுக்கு சர்வரை உடைக்கும் திருடனைவிட அடுத்த வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்பதே பெரிய பயம். மருந்தோடு வருபவர் எந்தத் தெருவைச் சேர்ந்தவர், ஊர்த்தெருவில் இருப்பவர் காலனிக்குள் எவ்வளவு இயல்பாகப் போய் உட்காருகிறார், காலனியிலிருந்து வருபவரை ஊர்த்தெரு திண்ணையோடு நிறுத்துகிறதா என்பதெல்லாம் எந்தச் செயலியிலும் பதிவாகாது. பதில் எங்கே வந்து நிற்கிறது என்பதை இதுவும் தீர்மானிக்கிறது.

இனி மழை. 2022 நவம்பர் 11, 12 தேதிகளில் 24 மணி நேரத்தில் சீர்காழியில் 44 சென்டிமீட்டர் கொட்டியது. சம்பாப் பயிர் மூழ்கியது, ஊர்களில் மின்சாரம் போயிற்று. சீர்காழி, தரங்கம்பாடி வட்டங்களின் குடும்ப அட்டைகளுக்கு அரசு ஆயிரம் ரூபாய் நிவாரணம் அறிவித்தது. செல்போன் டவர் பேட்டரியில் சில மணி நேரம் ஓடும், பிறகு டீசல் வேண்டும். சாலை மூழ்கினால் டீசல் வராது. இணைப்பு எப்போதும் இருக்கும் என்று எண்ணி எழுதிய மென்பொருள் அன்றைக்குச் செத்த பொருள். இணைப்பு அறுவதையே வழக்கமாகக் கொண்டு எழுதும் முறைகள் இருக்கின்றன. இணைக்கப்பட்ட கருவிகளின் உலகில் பரவலாகப் புழங்கும் எம்.க்யூ.டி.டி. என்ற நெறிமுறை 1999இல் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க், ஆர்லன் நிப்பர் இருவரும் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க உருவாக்கியது; மெலிந்த, அடிக்கடி அறுகிற இணைப்புக்காகவே பிறந்தது. அதில் மூன்று உத்தரவாதங்கள் உண்டு: போனால் போகட்டும் என்று ஒருமுறை அனுப்புவது, குறைந்தது ஒருமுறை சேரும்வரை திரும்பத் திரும்ப அனுப்புவது, சரியாக ஒரே ஒருமுறை சேர்ப்பது. வெப்பநிலைக்கு முதலாவது போதும். ரத்த அழுத்தம் இரண்டு முறை பதிவானால் சராசரி கொஞ்சம் கெடும். இன்சுலின் அளவை மாற்றச் சொல்லும் குறிப்பு இரண்டு முறை வந்து, இரண்டு முறையும் நடைமுறைப்படுத்தப்பட்டால்? எந்தச் செய்திக்கு எந்த உத்தரவாதம் என்று முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். பெரும்பாலும் முடிவு செய்வது மென்பொருள் எழுதுபவர்.

சீர்காழியில் மழை கொட்டிய அதே மாதம் 23ஆம் தேதி டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்களைப் பணம் பறிக்கும் மென்பொருள் முடக்கியது. நாட்டின் முதன்மை மருத்துவமனை நாள்கணக்கில் காகிதச் சீட்டுக்குத் திரும்பியது. ஆக, இணைப்பு கீழ் முனையில்தான் அறும் என்றில்லை. காகிதம் பின்தங்கியவர்களின் கருவி என்று நினைப்பவர்கள் அந்த நாள்களில் எய்ம்ஸ் புறநோயாளிப் பிரிவை நினைத்துப் பார்க்கலாம்.

தமிழ்நாட்டில் கர்ப்பிணிகள் எல்லோரையும் பதிவு செய்யும் ‘பிக்மி’ என்ற இணையப் பதிவேடு இருக்கிறது. கிராம சுகாதார செவிலியர்களுக்கு அது கூடுதல் வேலை என்ற முனகலும் உண்டு. ஆனால் புயல் வருகிறது என்றால் அந்தப் பதிவேட்டில் இருக்கும் பிரசவ தேதிகள் வேறொன்றாகிவிடும். தேதி நெருங்கியவர்கள் யார் யார் என்று பட்டியல் எடுத்து, காற்று அடிக்கத் தொடங்கும் முன்பே அவர்களை மருத்துவமனைகளில் சேர்ப்பது கடலோர மாவட்டங்களில் வழக்கமாகிவிட்டது. மேலே ஏறிய தரவு, சரியான நேரத்தில் ஒரு வண்டியாக வீட்டு வாசலுக்கு இறங்கி வரும் இடம் இது. இதே பட்டியலை இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கும், வாரம் இரண்டு மூன்று முறை டயாலிசிஸுக்குப் போக வேண்டியவர்களுக்கும், ஆக்சிஜன் சிலிண்டரோடு வீட்டில் இருப்பவர்களுக்கும் நீட்டிக்கத் தேவையான பெயர்கள் ஏற்கெனவே அரசின் வெவ்வேறு பதிவேடுகளில் இருக்கின்றன. ஐப்பசி பிறக்கும் முன் அவற்றை ஒன்றாக்கி, கொள்ளிடம், சீர்காழி ஒன்றியங்களின் ஊர்வாரியாகப் பிரித்து, அச்சிட்டு, ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்தின் சுவரிலும் ஒட்டாமல் பீரோவுக்குள் வைத்து, இரண்டு மாத மருந்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால், டவர் விழுந்த நாளிலும் செவிலியருக்கு எந்த வீட்டுக்கு முதலில் படகை அனுப்பச் சொல்வது என்று தெரியும்.